முயல் மசாலும் என் முகமும்

மகன் பிரபாகரனுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்பது உன் வீடியோக்களில் தெரிகிறது. அதனால் அதை விசாரிக்கவில்லை. நேற்றுக் காலை நீ அனுப்பிய குரல் செய்தியை ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டேன். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டேன். "பெத்த தாயே புள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டா, நான் யாருகிட்ட போயி சொல்றது?" என்று கேட்டிருக்கிறாய். யாரிடம் போய்ச் சொல்வது என்று நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாரிடமும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. நீ விதை விற்ற அதே ஆடு வளர்ப்போர் குழுவிலும் இதைப் போடுவேன். நீ விற்றது ஊரறிய. நான் திட்டுவது மட்டும் ஏன் போனுக்குள் ரகசியமாக நடக்க வேண்டும்?

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. தையில் உனக்குக் கல்யாணம். சிதம்பரத்தில் மண்டபம் பேசியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்து நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். என்னிடம் இப்போது இருக்கிற வார்த்தைகள் இவைதான். நல்லதாகப் பொறுக்கி எடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

நம் காட்டை நீ மறந்திருக்க மாட்டாய். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, செம்மண்ணும் சரளைக்கல்லுமாகக் கிடக்கிற மேடு. அந்தப் புயலில் முந்திரி மரங்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. உன் அப்பா அந்தக் கட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "இனிமே இதுல கல்லுதான் வெளையும்" என்றார். அவர் இருந்தவரை அதில் ஒன்றும் செய்யவில்லை. அவர் போனபிறகு, நான் சுகாதார நர்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, சும்மா இருக்க முடியாமல் ஆடு வாங்கினேன். வாங்கின பிறகுதான் தெரிந்தது, ஆட்டுக்குத் தின்னக் கொடுக்க அந்த மேட்டில் எருக்கஞ்செடியைத் தவிர ஒன்றும் இல்லை என்று. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் ஒரு கைப்பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். முயல் மசால். மல்லாட்டை என்கிற நிலக்கடலை, காராமணி, மொச்சை இவற்றுக்குச் சொந்தக்காரச் செடி. ஆனால் ஒரு போகத்தோடு முடிந்துபோகாது. பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நின்று, அறுக்க அறுக்கத் துளிர்க்கும். உரம் கேட்காது. காற்றிலிருந்து எடுப்பதை வேர் முடிச்சில் சேர்த்து, மண்ணுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகும். எதுவும் வராத மண்ணுக்கென்றே இருக்கிற செடி.

ஆனால் அது எப்படி வரும் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. தெரியாமல் செய்தவனாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். முதல் தடவை நான் விதையை அப்படியே தூவினேன், ஒன்றும் முளைக்கவில்லை. தோல் கெட்டியான விதை, தண்ணீர் உள்ளே போகாது, சுடுதண்ணியில் போட்டு எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது நீ என் பக்கத்தில் நின்றாய். அண்ணாமலை நகரில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்த காலம், வார லீவில் வந்திருந்தாய். கொதிக்கிற தண்ணியை இறக்கி, கொதி அடங்கின பிறகு விதையைப் போட்டு, கொஞ்ச நேரத்தில் வடித்து, பச்சைத் தண்ணியில் ராத்திரி ஊற வைத்தோம். வடிக்கும்போது உன் கையில்தான் கொட்டியது. இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுகிற வீடியோவில்கூட அது தெரிகிறது.

முளைத்து வந்தபிறகும் அது அவசரப்படாத செடி. முதல் வருஷம் முழுக்க, களைக்கு நடுவில் குனிந்து தேடினால்தான் கண்ணில் படும். அந்த வருஷம் ஆட்டை உள்ளே விட்டால் குருத்தோடு போய்விடும் என்று நான் காலையும் மாலையும் ஆடுகளை ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப்போய் மேய்த்தேன். "இதுக்கு ஒரு மூட்டை தீவனம் வாங்கிப் போடலாம்ல யம்மா" என்று நீ சலித்துக்கொண்டாய். அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்கு வந்து மஞ்சளாகப் பூத்தது. சித்திரை வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது நம் மேட்டில் மட்டும் அடித்தூரில் பச்சை இருந்தது. அந்த வருஷம் ஆடுகள் மெலியவில்லை. நீ உன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாய். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நீ வேறு விதமாகக் கணக்குப் பண்ணியிருக்கிறாய் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சென்னையில் உனக்கு வேலை போனது உன் தப்பு இல்லை. கம்பெனி மூடினால் நீ என்ன செய்வாய்? ஊருக்கு வந்தாய், நாலு மாதம் படுத்தே கிடந்தாய், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் எழுந்து, "யம்மா, நம்ம காட்ட ஒரு வீடியோ எடுக்கலாமா?" என்று கேட்டபோது, பிள்ளை எழுந்துவிட்டான் என்று மனசு குளிர்ந்துபோய் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தேன். காலையிலிருந்து உச்சி வெயில் வரைக்கும் பேச வைத்தாய். சுடுதண்ணியைப் பற்றிச் சொன்னேன். முதல் வருஷம் ஆட்டை விடாதீர்கள் என்றேன். இருக்கிற பயிரை அழித்துவிட்டு இதைப் போடாதீர்கள், வரப்பு ஓரத்தில் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள் என்றேன். எல்லாவற்றையும் நீ தலையாட்டிக்கொண்டே படம் பிடித்தாய்.

வெளியே வந்த வீடியோவில் நான் சிரிக்கிறேன். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். "இந்தச் செடி வந்தப்பறம் எனக்குக் கவலையே இல்லீங்க" என்கிறேன். அது நான் சொன்னதுதான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்ன எதுவும் அதில் இல்லை. அந்த இடத்தில் உன் குரல் வருகிறது. "விதைய தூவுங்க, மறந்துடுங்க. ரெண்டே மாசத்துல அறுப்பு. கல்லு மண்ணுல கூட வரும்." கீழே ஒரு வரி ஓடுகிறது: ஊசி போட்ட கைதான் விதையும் கொடுக்குது. அதைப் பார்த்தபோது வீடியோ என்றால் சுருக்கத்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீ விதை விற்கிறாய் என்று தெரியும். நம் காட்டு விதை அத்தனை பேருக்குக் காணாதே என்று கேட்டதற்கு, "நல்ல எடத்துலதான் வாங்கறேன், நீ கவலப்படாத" என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். நிச்சயதார்த்தம் நடந்தது, நிவேதாவைப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருந்தது, மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

வைகாசியில் ஒரு நாள் காலை வாசலில் ஒரு மினி ஆட்டோ வந்து நின்றது. பின்னால் ஒரு ஆடு, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். இறங்கி வந்து, "நர்சம்மா, என்னைத் தெரியுதா?" என்றாள். விருத்தாசலத்துக்கு மேற்கே நான் வேலை பார்த்த ஊர் மல்லிகா. அவளுக்குத் தலைப்பிரசவம் பார்த்தது நான். பிள்ளை மாலை சுற்றிக்கொண்டு வந்தது, அவளும் நானும் விடியும்வரை போராடினோம், மறக்குமா? உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"சண்டைக்கு வரலீங்க. இந்த ஆட்டுக்கு இன்னா ஆச்சின்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. மத்ததெல்லாம் போயிடுச்சி, இது ஒண்ணுதான் நிக்குது."

ஆட்டைப் பார்த்தேன். முதுகிலும் கழுத்திலும் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து தோல் தெரிந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னாத்தப் போட்ட இதுக்கு?"

"சவுண்டல் தழைதாங்க."

"சவுண்டல் மட்டுமா?"

"அது மட்டுந்தான். வேற ஒண்ணும் இல்லியே. உங்க ஆளுங்கதான் சொன்னாங்க, அதே போதும், சத்து ஜாஸ்தின்னு."

"என் ஆளுங்களா? எனக்கு யாரு ஆளு?"

அவள் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். பச்சை நிறத்தில் பளபளவென்று இருந்தது. 'நர்சம்மா முயல் மசால்' என்று மேலே போட்டிருந்தது. அதற்குக் கீழே என் முகம். வேலையில் இருந்தபோது எடுத்த படம், காலர் வைத்த வெள்ளைக் கோட்டோடு. வீட்டு அலமாரியில் இருந்த அந்தப் படத்தை நீ எப்போது எடுத்துக்கொண்டு போனாய் என்றே எனக்குத் தெரியாது. அதில் இருக்கிற போன் நம்பருக்குத்தான் அவள் பேசியிருக்கிறாள். என் ஆட்களிடம் பேசுவதாக நினைத்துப் பேசியிருக்கிறாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவளுக்கு இருப்பது ஒரு துண்டு மானாவாரி. வருஷா வருஷம் மல்லாட்டை போடுவாள். கடலை வீட்டுக்கு, காய்ந்த கொடி கோடையில் ஆட்டுக்கு. புருஷன் கேரளாவில் கட்டட வேலையில் இருப்பதால் ஆடுதான் அவள் கைக்கு வரும் வருமானம். போன ஆடியில் உன் வீடியோவைப் பார்த்துவிட்டு, நர்சம்மாவே சொல்கிறாரே என்று, மல்லாட்டை போடாமல் அந்தத் துண்டு முழுக்க உன் விதையைத் தூவினாள். தூவிவிட்டு, நீ சொன்ன அறுப்புக்குக் காத்திருந்தாள். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, வரவில்லை. நம்பருக்குப் பேசினால், "மழை பத்தலம்மா, வரும்" என்றிருக்கிறார்கள். மாசி வந்தபோது அவளிடம் மசாலும் இல்லை, மல்லாட்டைக் கொடியும் இல்லை. மறுபடி பேசினாள். சவுண்டல் மரம் பக்கத்தில் இருக்கிறதா, அதை வெட்டிப் போடுங்கள், நிறையப் போடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. மற்ற தழையோடு கலந்து கொஞ்சமாகக் கொடுத்தால் சவுண்டல் நல்ல தீவனம்தான். அதையே நாள் முழுக்கப் போட்டால் முடி கொட்டும், சினை ஆட்டுக்குக் குட்டி தேறாது. அவள் வீட்டில் பிறந்த குட்டிகள் எழுந்து நிற்கவே இல்லை. மீதி ஆடுகளை வந்த விலைக்குக் கறிக்குக் கொடுத்துவிட்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேங்க. அதனாலதான் யாருகிட்டயும் ரெண்டாவது வார்த்த கேக்கல" என்றாள்.

அவள் அழவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. நான் அவளுடைய ஆட்டை நம் கொட்டகையில் கட்டி, மசாலும் வைக்கோலும் கலந்து போட்டுவிட்டு, உள்ளே போய் உனக்குப் போன் போட்டேன். அன்றைக்கு நீ பேசினதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

"யம்மா, கம்ப்ளெயின்ட்னா அந்த நம்பருக்குப் பேசச் சொல்லு. உன்கிட்ட ஏன் வராங்க?" என்றாய்.

"என் மூஞ்சதானடா போட்டிருக்க. என்கிட்டதான் வருவாங்க. சுடுதண்ணின்னு ஒரு வரி ஏன் போடல?"

நீ சிரித்தாய். "சுடுதண்ணில போடு, ராத்திரி ஊற வை, மொத வருஷம் ஆட்ட விடாதன்னு எழுதனா எவன் வாங்குவான்? ஈஸியா இருந்தாதான் ஜனம் வாங்குது."

"அவ ஆடெல்லாம் போயிடுச்சிடா."

"விதைன்னா மொளைக்கும், மொளைக்காது. ரிஸ்க்குதான். கல்யாணத்த வச்சிக்கிட்டு இப்ப இத கௌறாத யம்மா. நிவேதா வீட்டுக்குத் தெரிஞ்சா நல்லாருக்குமா?"

மல்லிகா கூடத்தில் நின்றுகொண்டு என் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவே போதும் அவளுக்கு. போனில் இருந்தது யாருடைய பிள்ளை என்று புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காக அவள் வெட்கப்பட்டாள், பிரபாகரா. நான் இத்தனை வயசுக்கு யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை.

அந்த வாரமே அவள் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது ஆட்கள் கும்பிட்டார்கள். சிலர் கும்பிடவில்லை, பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பச்சைப் பாக்கெட் இருந்திருக்கும். மல்லிகாவின் துண்டு நிலம் வெறுமையாகக் கிடந்தது. முழுசாக ஒன்றுமே முளைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக விரல் நீளத்துக்குச் சில செடிகள் நின்றன. ஒவ்வொரு செடியையும் சுற்றி அவள் கருவேல முள் வைத்திருந்தாள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருந்தாள். விதையைத் தூவிவிட்டு மறந்துவிடச் சொன்னாயே, அதை மட்டும் அவள் கேட்கவில்லை. அந்த முள்ளுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மீதி இருந்த விதையை வாங்கி வந்து வீட்டில் சோதித்துப் பார்த்தேன். சுடுதண்ணி காட்டி, ஊற வைத்து, ஈரத் துணியில் மூடி வைத்தேன். கொஞ்சம் முளை விட்டது. நிறைய அழுகிப்போயிற்று, பழைய விதை. கொழிஞ்சிக் களை விதையும் மண்ணும்கூடக் கலந்திருந்தது. எங்கோ குடோனில் கிடந்ததை வாங்கி, என் முகத்தை ஒட்டி விற்றிருக்கிறாய்.

உன் அப்பா ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பார். நான் மல்லிகாவின் ஊரில் இருந்தபோது நடந்தது. ஒரு தடுப்பூசி நாள் முடிந்து, மறுநாள் மேலிடத்திலிருந்து ஆள் வந்து, ஊசி போட்டதற்கு முந்தைய ராத்திரி கரண்ட் போனதில் மருந்து வைத்திருந்த பெட்டி சூடாகியிருக்கிறது, நேற்றுப் போட்டது பலிக்காமல் போகலாம் என்றார்கள். அடுத்த மாதம் வரும்போது சேர்த்துப் போட்டுவிடலாம், யாருக்கும் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். நான் மறுநாள் காலையில் வீடு வீடாகப் போனேன். உத்தமி வேஷம் போடப் போகவில்லை. உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் போனேன். ஒருவர், "கெட்ட மருந்த கொழந்தைக்குப் போட்டுட்டு இப்ப வந்து சொல்றியா, வெளிய போடி" என்றார். நாயை அவிழ்த்துவிட்டார். நான் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைத்தான் உன் அப்பா நடித்துக் காட்டுவார், நீயும் சேர்ந்து சிரிப்பாய். சிரித்ததோடு நின்றுவிட்டாய். மறுபடி ஊசி போடப் போனபோது அந்த ஊரில் ஒரு குழந்தைகூட விட்டுப்போகவில்லை, நாயை அவிழ்த்தவர் வீட்டுக் குழந்தையையும் சேர்த்து. என் பெயரைச் சொன்னால் அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் கையை நீட்டுவார்களே, அது அப்படி வந்தது. நீ அதை எடுத்து அட்டையில் அச்சடித்தாய்.

இப்போது உன் குரல் செய்திக்கு வருகிறேன். "எல்லாரும்தான் இப்படி விக்கறாங்க, நீ ஏன் என்னை மட்டும் காட்டிக்குடுத்த?" என்கிறாய். எல்லாரும் விற்கட்டும். அவர்கள் மணிக்கட்டில் தழும்பு இல்லை. அவர்களுக்கு நான் தாய் இல்லை. "நான் கஷ்டத்துல இருந்தேன்" என்கிறாய். இருந்தாய், தெரியும். நல்ல விதையை உண்மையைச் சொல்லிக் கொஞ்சமாக விற்றிருந்தால், நான் உனக்காகத் தெருத்தெருவாகக் கூடை தூக்கியிருப்பேன். கஷ்டத்தில் இருக்கிறவன் தன்னைவிடக் கஷ்டத்தில் இருக்கிறவளைத் தேடிப் பிடித்து விற்றிருக்கிறாயே. தண்ணீர் உள்ளவன் உன் பாக்கெட்டை வாங்க மாட்டான், அவனுக்குக் குதிரை மசால் இருக்கிறது, சோளம் இருக்கிறது. கல்லு மண்ணைத் தவிர வேறு கதி இல்லாதவள்தான் வாங்குவாள். அது உனக்குத் தெரிந்தே 'கல்லு மண்ணுல கூட வரும்' என்று சொன்னாய்.

"நீ பேசிப் போட்ட அந்த வீடியோவ உனக்கு யாரு எடுத்துக்குடுத்தது? யாரோ என் எதிரி உன்னத் தூண்டிவுட்டுருக்கான்" என்றும் கேட்டிருக்கிறாய். சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தேன். எடுத்தவளே சொல்லச் சொல்லிவிட்டாள். நிவேதாதான் எடுத்தாள்.

ஆனியில் கூறைப்புடவை நிறம் காட்டுவதற்காகச் சிதம்பரத்திலிருந்து வந்தாள். ஜன்னலில் வரிசையாக ஈரத் துணித் தட்டுகள் இருப்பதைப் பார்த்து, இன்னாது அத்தே என்று கேட்டாள். நான் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. பாக்கெட்டைக் காட்டினேன், முடி உதிர்ந்த ஆட்டைக் காட்டினேன். வரப்போகிற மருமகளிடம் பிள்ளையைப் பற்றி இதைச் சொல்ல எனக்கு நாக்கு கசந்தது. அவள் ஆட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கை தானாகத் தேதியைத் தேடியது.

"தேதியே போடல அத்தே. எப்படிப் போடறதுன்னும் போடல. இப்படி ஒரு மாத்திரைய நான் குடுத்தா எனக்கு வேலையே போயிடும்."

"கல்யாணத்தப் பத்தி நீ என்ன வேணும்னாலும் முடிவு பண்ணிக்கமா. நான் தடுக்க மாட்டேன்" என்றேன்.

அவள் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க பேசுங்க, நான் எடுக்கறேன்" என்று போனை எடுத்தாள். நான் பேசினேன். இந்தப் பாக்கெட்டில் இருப்பது என் முகம், விதை என்னுடையது இல்லை என்றேன். சுடுதண்ணியைப் பற்றிச் சொன்னேன், முதல் வருஷத்தைப் பற்றிச் சொன்னேன், மல்லாட்டையை விட்டுவிடாதீர்கள், சவுண்டலை மட்டுமே போட்டு ஆட்டைக் கொல்லாதீர்கள் என்றேன். வாங்கி ஏமாந்தவர்கள் வாருங்கள், என் காட்டு விதை தீரும்வரை தருகிறேன் என்றேன். அதை அப்படியே அந்த ஆடு வளர்ப்போர் குழுவில் போட்டோம், இந்த முறை ஒரு வார்த்தையும் வெட்டப்படவில்லை.

அதன் பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் என் முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டு விதையை வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் விதையும் வேண்டாம் என்று திட்ட மட்டும் வந்தார்கள். ஒரு பெரியவர் பாக்கெட்டைக் கிழித்து என் காலடியில் போட்டார். குனிந்து பொறுக்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? மல்லிகாவுக்கு அவள் ஆட்டையும், அதோடு நம்முடைய சினை ஆடு இரண்டையும் அனுப்பினேன். அவள் ஆட்டுக்கு முடி திரும்பி வந்திருக்கிறது. பாதி நிலத்தில் மல்லாட்டை, மீதியில் மசால் என்று பேசி வைத்திருக்கிறோம். புரட்டாசி முதல் மழைக்கு விதைக்க வேண்டும்.

உன் கல்யாணத்தைப் பற்றி நிவேதா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நிறுத்தணும்னு எனக்கு இல்ல அத்தே. அவரு வரட்டும். வாங்கனவங்க வீட்டுக்கெல்லாம் போவட்டும். போயிட்டு வந்து எங்கிட்ட பேசட்டும். அதுக்கு முன்னாடி போன் பண்ண வேணாம்னு சொல்லிடுங்க." அதனால்தான் அவள் போனை எடுக்கவில்லை. அவள் அப்பா பேச்சைக் கேட்டுக்கொண்டு ஆடுகிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அப்படி இல்லை.

நானும் அதையேதான் சொல்கிறேன். மண்டபம் இருக்கிறது, பத்திரிகை அச்சடிக்க நாள் இருக்கிறது. அதற்குள் வா. பார்சல் அனுப்பிய முகவரியெல்லாம் உன்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் போ. நானும் வருகிறேன், ஆனால் வாசலில் நீதான் நிற்க வேண்டும், நீதான் பேச வேண்டும். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வா. மன்னிப்புக் கேட்பதை வீடியோ எடுத்துப் போட்டாயானால், அதோடு உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. திட்டுவார்கள், திட்டட்டும். மழை பத்தவில்லை என்று சொல்லாதே. சுடுதண்ணி வைப்பதை அவர்கள் அடுப்பில், அவர்கள் பாத்திரத்தில் செய்து காட்டு. அந்த நம்பரை எடுத்துவிடாதே. யார் கூப்பிட்டாலும் இனி நீயே எடு.

முதலில் மல்லிகா வீட்டுக்குத்தான் போகப் போகிறோம். அவள் உன்னைத் திட்டுவாள் என்று பயப்படாதே. எனக்கு அவளைத் தெரியும், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நர்சம்மா பிள்ளை வந்திருக்கிறது என்று உலை வைப்பாள், தட்டு போடுவாள். உனக்கு அது தொண்டையில் இறங்காது. எழுந்து வந்துவிடாதே. அவள் போடுகிற சோற்றை அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் தின்னு. தின்றுவிட்டு நிலத்துக்கு வா, நான் அங்கே இருப்பேன்.

அம்மா